நாடி பார்க்கும் கைக்கடிகாரம்



நேரத்தை அறிவதற்காக மனிதன் மணிக்கட்டிலே கட்டிக்கொண்ட கடிகாரம் இன்று அவனுடைய உடம்பைப் பற்றியும் அவனுக்குச் செய்தி சொல்லத் தொடங்கிவிட்டது. காலை முதல் இத்தனை அடி நடந்தீர்கள்; உங்கள் நாடி நிமிடத்துக்கு இத்தனை முறை துடிக்கின்றது; நடந்ததனால் இத்தனை கலோரி செலவாயிற்று; நேற்றிரவு இத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், அதில் ஆழ்ந்த உறக்கம் இவ்வளவு; குருதியிலே ஒட்சிசன் நூற்றுக்கு இத்தனை பங்கு: இவ்வாறு அது ஓயாது கணக்குக் கூறுகின்றது. இளைஞர்கள் விளையாட்டுக்காக இதனை வாங்குகின்றனர். பிறநாடுகளிலே தொழில் புரியும் பிள்ளைகள் ஊரிலுள்ள தாய்தந்தையர்க்கு இதனை வாங்கி அனுப்புகின்றனர். நெஞ்சு நோவென்று வைத்தியரிடம் செல்வோர் சிலர், தமது நோயைக் கூறுமுன் கைக்கடிகாரம் காட்டிய எண்ணைக் கூறுகின்ற காலமும் வந்துவிட்டது.

இந்தக் கருவி கூறும் எண்களை நாம் எவ்வளவுக்கு நம்பலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். 'நம்பலாம்' என்றோ 'நம்பலாகாது' என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை கூற இயலாது. ஏனெனில் அச்சிறு கண்ணாடி முகத்தில் தோன்றும் எண்கள் எல்லாம் ஒரே வடிவில், ஒரே ஒளியில் தோன்றினும், அவை பிறக்கும் வழி வேறுவேறாகும். சில எண்கள் எண்ணிப் பெற்றவை. சில, ஒன்றை அளந்து மற்றொன்றை உய்த்துணர்ந்து பெற்றவை. வேறு சில, பலருடைய உடம்பிலிருந்து பெற்ற சராசரியைக் கொண்டு உங்கள் உடம்புக்கு மதிப்பிட்டுக் கூறியவை. எண்ணியதற்கும் மதிப்பிட்டதற்கும் உள்ள வேறுபாட்டைக் கருவி நமக்குச் சொல்லுவதில்லை. நாமே அறிந்துகொள்ளல் வேண்டும்.

உடம்பை எண்ணால் அறிய முயல்வது புதியதொரு முயற்சியன்று. இத்தாலி நாட்டுப் பதுவா நகரிலே பேராசிரியராயிருந்த சந்தோரியோ என்னும் வைத்தியர், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, நூலிற் கட்டிய குண்டு ஒன்றை ஊசலாடவிட்டு, அதன் ஆட்டம் நாடித்துடிப்போடு ஒத்துவரும்வரை நூலின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் நாடியின் வேகத்தை அளந்தார். அவரே ஒரு பெரிய தராசிலே ஆசனம் அமைத்து, அதில் அமர்ந்து, உண்ட உணவின் நிறையையும் உடம்பினின்று கழிந்தவற்றின் நிறையையும் பல்லாண்டுகள் குறித்துவந்தார். பின்னர், இங்கிலாந்திலே சேர் யோன் புளோயர் என்னும் வைத்தியர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதனைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை 1707ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார். கடிகாரத்துக்கும் நாடிக்கும் உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது. அன்று கடிகாரம் நேரத்தைக் காட்டிற்று. வைத்தியருடைய விரல் நாடியை எண்ணிற்று. இன்று இரண்டு வேலையையும் கடிகாரமே மேற்கொண்டிருக்கின்றது. விரலுக்கு உரிய வேலையைக் கடிகாரம் எவ்வாறு செய்கின்றது என்று பார்த்தால், அது தவறும் இடங்களும் நமக்குப் புலனாகும்.

முதலில் அடிக்கணக்கை எடுத்துக்கொள்வோம். இக்கருவிக்குள்ளே ஆர்முடுகல்மானி என்னும் மிக நுண்ணிய உறுப்பு ஒன்று உண்டு. கண்ணுக்குப் புலனாகாத சிறு திணிவு ஒன்று, நுண்ணிய வில்லுகளால் தாங்கப்பட்டு அதனுள்ளே நிற்கின்றது. கை அசையும்போது அத்திணிவும் சிறிது அசைகின்றது. அவ்வசைவு மின் மாற்றமாகப் பதிவாகின்றது. நாம் நடக்கும்போது கை முன்னும் பின்னும் வீசுவதனால், அலைபோன்ற ஓர் ஒழுங்கு அப்பதிவிலே தோன்றும். ஓர் அலையை ஓர் அடியென்று கருவி எண்ணிக்கொள்கின்றது. ஆகவே, கருவி அறிவது காலையன்று, கையையே என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

கைவீசி இயல்பான வேகத்தில் நடக்கும் ஒருவருக்கு இக்கணக்குப் பெரிதும் சரியாகவே அமையும். ஆனால் குழந்தையின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் தாயின் கை வீசுவதில்லை. இரண்டு கையிலும் பை சுமந்து சந்தையிலிருந்து திரும்புபவரின் கையும் வீசுவதில்லை. ஊன்றுசட்டத்தைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல அடியெடுத்து வைக்கும் முதியவரின் நடையிலே அந்த அலையே தெளிவாக எழுவதில்லை. இவர்களுடைய அடிகளிற் பலவற்றைக் கருவி எண்ணாது விட்டுவிடும். மறுபுறத்தில், நாற்காலியில் இருந்தபடியே கையை ஆட்டிப் பேசுபவருக்கும், அடுப்படியில் மாப் பிசைபவருக்கும் நடவாத அடிகள் சில கணக்கிற் சேர்ந்துவிடும். மிகுதியாக நடக்கவேண்டும் என்று எவரை வைத்தியர் வற்புறுத்துகின்றாரோ, அந்த முதியவர்களிடத்தும் நோயுற்றவர்களிடத்துமே கருவியின் கணக்கு மிகவும் தளர்கின்றது. அதனால் அவர்கள் தமது முயற்சி வீணென்று எண்ணிச் சோர்வடைதல் கூடாது.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்ற கட்டளை எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே கூறுதல் தகும். தோக்கியோ நகரிலே 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெற்றன. மறு ஆண்டாகிய 1965இல் யப்பானியக் கடிகாரக் கம்பனி ஒன்று, இடுப்பில் அணியும் அடிமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு இட்ட பெயர் 'மன்போகேய்' என்பது. 'மன்' என்றால் பத்தாயிரம், 'போ' என்றால் அடி, 'கேய்' என்றால் அளவுகருவி. நினைவிற் கொள்வதற்கு எளிதாயிருந்த அப்பெயர் உலகெங்கும் பரவி, மருத்துவ விதிபோல் ஆகிவிட்டது. அது பெரியதோர் ஆராய்ச்சியின் முடிவாகப் பிறந்த எண் அன்று; ஒரு விற்பனைப் பொருளின் பெயராகப் பிறந்தது.

ஆராய்ச்சி பின்னரே வந்தது. ஐக்கிய அமெரிக்காவிலே ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ-மின் லீ என்பாரும் அவருடைய குழுவினரும், சராசரியாக 72 வயதுடைய 16,741 பெண்களின் நடையை அளந்து, அவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2019ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிடுகையில், 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு நூற்றுக்கு 41 பங்கு குறைந்திருந்தது. அடி கூடக்கூட இந்த நன்மை கூடிச்சென்று, 7,500 அடியளவில் ஒரு மட்டத்தை அடைந்து நின்றது. உடல்நலம் உள்ளவரே மிகுதியாக நடப்பர் ஆதலால், குறைவு முழுவதையும் நடையின் பயன் என்றே கூறிவிட முடியாது. எனினும், பத்தாயிரத்தை எட்டாத முதியவர் பயன் ஏதும் பெறவில்லை என்று வருந்த வேண்டியதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நாடித்துடிப்புக்கு வருவோம். கருவியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பச்சை ஒளி மின்னுவதைக் காணலாம். குருதி சிவப்பாகத் தோன்றுவது, அது பச்சை ஒளியைப் பெரிதும் உறிஞ்சிவிடுவதனாலேயாம். இதயம் ஒருமுறை சுருங்கும்போது தோலுக்கடியிலுள்ள நுண்ணிய குழாய்களிலே குருதி மிகுந்து பாய்கின்றது. அக்கணத்திலே பச்சை ஒளி மிகுதியாக உறிஞ்சப்பட்டு, திரும்பிவரும் ஒளி குறைகின்றது. அடுத்த கணம் குருதி வடிய, ஒளி கூடுகின்றது. ஒளியின் இந்த ஏற்றத்தாழ்வை எண்ணி, அதனை நாடித்துடிப்பு என்று கருவி கூறுகின்றது.

அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவருக்கு இம்முறை மெச்சத்தக்க அளவுக்குச் சரியான விடையைத் தருகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், அன்று கடைகளில் விற்பனையாகிய ஏழு வகைக் கருவிகளை 60 தொண்டர்களுக்கு அணிவித்து, அவர்களை நடக்கவும் ஓடவும் மிதிவண்டி மிதிக்கவும் செய்து, 2017ஆம் ஆண்டில் தமது முடிவை வெளியிட்டனர். நாடித்துடிப்பிலே ஏழில் ஆறு கருவிகளின் வழு நூற்றுக்கு 5 பங்குக்கு உட்பட்டதாக இருந்தது. வீட்டு உபயோகத்துக்கு இது போதும் என்றே சொல்லலாம்.

ஆனால் உடல் அசையத் தொடங்கினால் கருவியின் சங்கடமும் தொடங்குகின்றது. கை அதிரும்போது கருவிக்கும் தோலுக்கும் இடையே வெளி ஒளி புகும். குருதியும் அசைவினால் அலைவுறும். சிலவேளைகளில் ஓடுபவரின் அடித்தாளத்தையே இதயத்தின் தாளம் என்று கருவி மயங்கிக்கொள்ளும். நிமிடத்துக்கு 160 அடி வைத்து ஓடும் ஒருவருடைய இதயம் 130 முறையே துடித்தாலும், கருவி 160 என்று காட்டக்கூடும். வார் தளர்ந்திருப்பினும், குளிரினால் தோலிலுள்ள குருதிக்குழாய்கள் சுருங்கியிருப்பினும், மணிக்கட்டிலே பச்சை குத்தியிருப்பினும் வழு மிகும்.

நம்மனோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய மற்றொரு காரணமும் உண்டு. அது தோலின் நிறம். தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் என்னும் பொருள் ஒளியை உறிஞ்சுவது. செவ்வொளியைவிடப் பச்சை ஒளியை அது மிகுதியாக உறிஞ்சும். ஆகவே கருநிறத் தோலினின்று கருவிக்குத் திரும்பிவரும் ஒளி குறைவு. ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சியிலே கருமை மிகுந்த தோலுடையாரிடத்து வழு கூடியிருந்தது. ஆனால் டியூக் பல்கலைக்கழகத்தார் 53 பேரைக் கொண்டு செய்து 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே தோல் நிறத்தினால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஓய்வாயிருக்கும் நிலையைவிட உடல் இயங்கும் நிலையில் வழு சராசரி நூற்றுக்கு 30 பங்கு கூடியதே அங்கு வெளிப்பட்டது. நாடித்துடிப்பைப் பொறுத்தவரை விஞ்ஞானிகள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை என்பதே இதன் கருத்து.

குருதியிலுள்ள ஒட்சிசனைப் பொறுத்தவரை நிலைமை கவலைக்குரியது. யப்பானிய எந்திரவியலாளர் தக்குவோ அவோயாகி 1974ஆம் ஆண்டில் ஓர் அரிய வழியை வெளியிட்டார். ஒட்சிசன் நிறைந்த குருதியும் ஒட்சிசன் குறைந்த குருதியும் செவ்வொளியையும் செந்நிறக் கீழ்க்கதிரையும் வேறுவேறு விகிதத்தில் உறிஞ்சுகின்றன. இவ்விரண்டையும் ஒப்பிட்டால், ஊசி குத்தாமலே குருதியின் ஒட்சிசனை மதிப்பிடலாம். ஆஸ்பத்திரிகளில் விரல் நுனியிலே கௌவும் சிறு கருவி இவ்வாறே பிறந்தது. கொவிட் நோய் பரவிய காலத்தில் அது பல வீடுகளுக்கும் வந்துசேர்ந்தது.

2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே மிச்சிகன் பல்கலைக்கழகத்து வைத்தியர்கள் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். விரற்கருவி 92 முதல் 96 வரை என்று காட்டிய நோயாளர்களின் நாடிக்குழாயிலிருந்து குருதி எடுத்து நேராகச் சோதித்தபோது, சிலருக்கு உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளை நிறத்தவரிடையே இவ்வாறு கருவி ஏமாற்றிய சந்தர்ப்பம் நூற்றுக்கு 3.6; கறுப்பு நிறத்தவரிடையே அது 11.7. மூச்சுக்குத் தவிக்கும் உடம்பைப் பார்த்துக் கருவி 'குறையொன்றுமில்லை' என்று கூறியிருக்கின்றது. இது ஆஸ்பத்திரியிலே பயன்படும் விரற்கருவியைப் பற்றிய செய்தி. விரற்கருவி விரலை ஊடுருவி வரும் ஒளியைப் பெறுகின்றது. மணிக்கட்டுக் கருவியோ தோலிலிருந்து தெறித்துவரும் நலிந்த ஒளியை மட்டுமே பெறுகின்றது. ஆகவே, மூச்சு முட்டுகின்ற ஒருவருக்குக் கைக்கடிகாரம் 97 என்று காட்டினாலும், அந்த எண்ணைப் பார்த்து ஆறுதலடைந்து வீட்டிலே வைத்திருத்தல் ஆகாது. இலங்கையரும் இந்தியரும் பெரும்பாலும் மாநிறமும் கருநிறமும் உடையவர்கள் ஆதலால், இவ்வெச்சரிக்கை நமக்கும் உரியதேயாம்.

அடுத்தது கலோரிக் கணக்கு. இக்கருவிகள் கூறும் எண்களுள் மிகவும் நம்பத்தகாதது இதுவே எனலாம். உடம்பு செலவிடும் சக்தியைச் சரியாக அளப்பது எவ்வாறு? மூக்கையும் வாயையும் மூடும் ஒரு முகமூடியை அணிவித்து, உட்கொள்ளும் ஒட்சிசனையும் வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் அளந்தே அதனை அறிவர். ஒரு லீற்றர் ஒட்சிசன் செலவானால், உடம்பிலே ஏறக்குறைய ஐந்து கலோரி வெளிப்பட்டது என்பது கணக்கு. கைக்கடிகாரத்துக்கு உங்கள் மூச்சோடு எவ்விதத் தொடர்பும் இல்லை. அது கையின் அசைவை அறியும், நாடியை அறியும், நீங்கள் எழுதிக்கொடுத்த வயது, உயரம், நிறை ஆகியவற்றை அறியும். இவற்றைக் கொண்டு, உங்களையொத்த ஒருவர் சராசரியாக இவ்வளவு செலவிடுவார் என்று கருதிக் கூறுகின்றது.

ஆனால் இரண்டு மனிதரின் உடம்பு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே நிறையுடைய இருவருள் ஒருவருக்குத் தசை மிகுந்திருக்கும். மற்றவருக்குக் கொழுப்பு மிகுந்திருக்கும். ஒருவருடைய இதயம் பயிற்சியினாற் பண்பட்டது, மற்றவருடையது அவ்வாறன்று. மனக்கலக்கத்தினாலும் வெப்பத்தினாலும் கோப்பியினாலும்கூட நாடி விரைவாகும். அதனால் உடம்பு சக்தியைப் பெரிதாகச் செலவிடுவதில்லை. ஆதலின், நான் முன்னர்க் குறிப்பிட்ட ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சியில், நாடியைச் சரியாகக் கூறிய அதே கருவிகள் கலோரியிலே தவறின. ஏழினுள் மிகச் சிறந்த கருவியின் சராசரி வழு நூற்றுக்கு 27. மிகக் கடைப்பட்ட கருவியின் வழு நூற்றுக்கு 93. அன்றைய கருவிகளினிடத்திற் புதியவை வந்துள்ளன. எனினும், மூச்சை அளக்காமல் சக்தியை மதிப்பிடும் வழி மாறவில்லை.

இவ்வழு நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்குப் பார்ப்போம். மாலை நடைக்குப் பின் உங்கள் கருவி 400 கலோரி என்று காட்டுகின்றது. உண்மையிற் செலவானது 300 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். அந்த 400ஐ நம்பி நீங்கள் உணவைக் கூட்டினால், நாளொன்றுக்கு 100 கலோரி மிகையாகின்றது. ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிச் சீனியின் அளவு அது. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம் என்பது பொதுவான தோராயக் கணக்கு. அதன்படி, எழுபத்தேழு நாளிலே ஒரு கிலோ நிறை கூடுவதற்கு இடமுண்டு. நாள்தோறும் நடந்தும் உடல் மெலியவில்லையே என்று சிலர் மனம் நோவதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திலே, நிறை மிகுந்த 471 இளவயதினரைக் கொண்டு ஈராண்டுக் காலம் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் ஆலோசனையும் அனைவருக்கும் பொது. முதல் ஆறு மாதம் கழிந்தபின், ஒரு சாராருக்கு மட்டும் அணிகருவி வழங்கப்பட்டது. ஈராண்டு முடிவிலே, கருவியில்லாதார் சராசரி 5.9 கிலோ குறைந்திருந்தனர், கருவியணிந்தோர் 3.5 கிலோவே குறைந்திருந்தனர். கருவி தீமை செய்தது என்று இந்த ஒரு சோதனையைக் கொண்டு முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆயினும், கருவியை அணிந்துவிட்டால் உடல் தானாக மெலிந்துவிடும் என்ற எண்ணத்துக்கு ஆதாரமில்லை என்பதை இது காட்டுகின்றது.

உறக்கக் கணக்கும் இத்தகையதே. உறக்கத்தின் படிகளை உண்மையாக அறிவதற்கு, தலையிலே மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின்னலைகளையும், கண்ணின் அசைவையும், தசையின் இறுக்கத்தையும் இரவு முழுவதும் பதிவுசெய்தல் வேண்டும். கண்கள் விரைந்து அசையும் உறக்கநிலை ஒன்று உண்டு என்பதே சிக்காகோப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் இருவர் 1953இல் வெளியிட்ட கட்டுரையினாலேதான் உலகுக்குத் தெரியவந்தது. மணிக்கட்டுக் கருவி மூளையை அறியாது. கை அசையாது கிடந்தால், நாடியும் தணிந்திருந்தால், உறங்குகின்றார் என்று அது கொள்ளும். ஆகவே உறங்குபவரை உறங்குகின்றார் என்று அது பெரும்பாலும் சரியாகவே கூறும்; ஆனால் விழித்தபடி அசையாது படுத்திருப்பவரையும் உறங்குகின்றார் என்றே கூறிவிடும். உறக்கமின்றி வருந்தும் ஒருவருக்கு இதனாற் பயன் குறைவு. ஆழ்ந்த உறக்கம் இத்தனை நிமிடம் என்று அது பிரித்துக் கூறுவதோ ஊகத்தின்மேல் எழுந்த ஊகம். இந்த எண்களைப் பார்த்துப் பார்த்தே, நன்றாக உறங்கி எழுந்தவரும் தமக்கு உறக்கக் குறைவென்று கவலையுற்று, அக்கவலையினாலே உறக்கத்தை இழப்பதுண்டு. அமெரிக்க வைத்திய ஆராய்ச்சியாளர் சிலர் 2017இல் இந்நிலைக்குத் தனியே ஒரு பெயரும் இட்டனர்.

கருவியின் குறைகளை மட்டும் கூறி நின்றால் நியாயமாகாது. அது நன்மை செய்யக்கூடிய இடமும் உண்டு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஒரு நோய் உண்டு. அந்நிலையில் குருதி உறைந்து, மூளைக்குச் சென்று, பாரிசவாதத்தை உண்டாக்கலாம். நோயுற்றவர் பலருக்கு அது இருப்பதே தெரியாது. கைக்கடிகாரம் இரவும் பகலும் கையிலிருப்பதனால், இந்த ஒழுங்கின்மையைக் கண்டுகொள்ள வாய்ப்புண்டு. அப்பிள் கைக்கடிகாரம் அணிந்த 419,297 பேரைக் கொண்டு நடத்திய பேராராய்ச்சியின் முடிவு 2019 நவெம்பரில் வெளிவந்தது. நூற்றுக்கு 0.52 பேருக்கே எச்சரிக்கை கிடைத்தது. எச்சரிக்கை பெற்றவருள் 450 பேர் பின்னர் மார்பிலே ஒட்டும் இதய மின்பதிவுக் கருவியை அணிந்து திருப்பியனுப்பினர். அவர்களுள் நூற்றுக்கு 34 பேரிடம் அந்நோய் உறுதியாயிற்று. நோய் விட்டுவிட்டு வருவது ஆதலால், பதிவின்போது காணப்படாதவர் எல்லாருக்கும் அது இல்லையென்று கொள்ளுதற்கும் இல்லை. மின்பதிவும் கைக்கடிகாரமும் ஒரே வேளையில் இயங்கியபோது, எச்சரிக்கை நூற்றுக்கு 84 முறை சரியாயிருந்தது.

ஆகவே, நாடி ஒழுங்கின்றித் துடிக்கின்றது என்று கருவி திரும்பத் திரும்ப எச்சரித்தால் அதனை அசட்டை செய்யாது வைத்தியரிடம் செல்லுங்கள். ஆனால் எச்சரிக்கை வராமையினால் நோயில்லை என்று துணியாதீர்கள். இன்னொன்றையும் அழுத்திக் கூறவேண்டும். மாரடைப்பைக் கண்டறியும் ஆற்றல் இந்தக் கைக்கடிகாரத்துக்கு இல்லை. அதனைச் செய்யும் கம்பனியே இதனைக் கூறியிருக்கின்றது. நெஞ்சை அழுத்துகின்ற நோவு, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவுகின்ற நோவு, திடீரென்று வியர்த்துக் கொட்டுதல் ஆகியன தோன்றினால், கருவி என்ன கூறுகின்றது என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

நீரிழிவு நோயாளர்க்கும் ஒரு வார்த்தை. ஊசி குத்தாமலே குருதியின் குளுக்கோசை அளக்கும் என்ற விளம்பரத்தோடு சில கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் விற்கப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம், அத்தகைய கருவி எதற்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்றும் அவற்றைப் பயன்படுத்தலாகாது என்றும் 2024 பெப்ருவரியில் எச்சரித்தது. இங்கே தவறான எண்ணின் விளைவு மிகக் கொடியது. குளுக்கோசு மிகுந்துவிட்டது என்று கருவி பொய்யாகக் கூற, அதனை நம்பி இன்சுலினை மிகுதியாக ஏற்றிக்கொண்டால் உணர்விழத்தலும் உயிரிழத்தலும் நேரலாம்.

அங்ஙனமாயின், இந்தக் கருவியை வைத்திருப்பவர் அதனை எவ்வாறு பயன்படுத்துவது? இருவகைக் கடிகாரங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று எப்போதும் ஐந்து நிமிடம் முந்தி ஓடுவது. மற்றொன்று ஒருநாள் முந்தியும் ஒருநாள் பிந்தியும் ஓடுவது. முதலாவதைக் கொண்டு நாம் காலத்தை நடத்தலாம். இரண்டாவதைக் கொண்டு நடத்த முடியாது. உங்கள் அணிகருவியின் அடிக்கணக்கும் ஓய்வுநிலை நாடிக்கணக்கும் பெரும்பாலும் முதலாவது வகையைச் சேர்ந்தவை. எண் சிறிது தவறாயினும், சென்ற மாதத்தைவிட இம்மாதம் மிகுதியாக நடக்கின்றேனா, ஓய்வாயிருக்கும்போது நாடி வழமையிலிருந்து மாறியிருக்கின்றதா என்பதை அவை காட்டும். அவற்றை உங்களுடைய நேற்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள். அயலவருடைய எண்ணோடு ஒப்பிடாதீர்கள். கலோரிக் கணக்கையும் உறக்கப் படிகளையும் கொண்டு உணவையோ மருந்தையோ மாற்றாதீர்கள்.

கருவியைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஆராய்ச்சிசாலை தேவையில்லை. ஐந்து புளியங்கொட்டைகளை ஒரு பையிலே போட்டுக்கொண்டு நடவுங்கள். நூறு அடி எண்ணியதும் ஒரு கொட்டையை மற்றப் பைக்கு மாற்றுங்கள். ஐந்தும் மாறியதும் 500 அடி நடந்துவிட்டீர்கள். கருவி எத்தனை காட்டுகின்றது என்று பாருங்கள். அடுத்த முறை கையிலே பையைத் தூக்கிக்கொண்டு இதனையே செய்து பாருங்கள். வேறுபாடு தானே தெரியும்.

நாடிக்கும் இவ்வாறே. ஐந்து நிமிடம் அமைதியாக அமருங்கள். ஒரு கையின் பெருவிரல் அடியிலே, மணிக்கட்டின் உட்புறத்தில், மற்றக் கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். பெருவிரலால் நாடி பார்க்கலாகாது. அதனுடைய சொந்தத் துடிப்பே குழப்பத்தை உண்டாக்கும். அரை நிமிடம் எண்ணி, வந்த தொகையை இரட்டியுங்கள். ஓய்வாயிருக்கும் வளர்ந்த ஒருவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது வழமை. கருவியின் எண்ணோடு இதனை ஒத்துப் பாருங்கள். பின்னர்ப் படியேறி இறங்கி மீண்டும் எண்ணுங்கள். இரண்டு வேளையிலும் ஒத்துவந்தால் உங்கள் கருவி உங்கள் தோலுக்கும் உங்கள் நடைக்கும் ஓரளவு பொருந்துகின்றது எனக் கொள்ளலாம். துடிப்பு ஒழுங்காக வருகின்றதா, இடையிடையே தடுமாறுகின்றதா என்பதையும் அவ்வேளையில் உங்கள் விரலே சொல்லிவிடும்.

ஊரிலுள்ள முதியவர்க்கு இக்கருவியை வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அதனோடு இந்தச் சிறு பயிற்சியையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். தொலைவிலிருந்து கைத்தொலைபேசியிலே தந்தையாரின் எண்களைப் பார்த்து மனநிறைவு கொள்வதோடு நில்லாது, 'இன்று மூச்சு எப்படி இருக்கிறது அப்பா, கால் வீங்கியிருக்கிறதா, இரவு எத்தனை முறை எழுந்தீர்கள்' என்று அவரையே கேளுங்கள். கருவி காட்டுவதும் அவர் கூறுவதும் வேறுபட்டால், அவர் கூறுவதை முதலிற் கேட்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.